ஆரவார நடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஒரு நூலின் நடை அதன் பொருளினும் மிக்கு ஒலிக்குமாயின், அதனை 'ஆரவார நடை' என ஒரு சொல்லாற் குறித்து அப்பாற் செல்வது நம்மிடையே பெருவழக்காக உள்ளது. ஆங்கில இலக்கியத் திறனாய்வைத் தமிழில் எடுத்துரைப்போரும், அம்மொழியில் இக்குற்றம் பற்றி வழங்கும் பல சொற்களையும் இவ்வொரு சொல்லாலேயே பெயர்த்து அமைகின்றனர். பாம்பாஸ்ட், ஃபஸ்டியன், டர்ஜிட், கிராண்டிலொக்வென்ட், பாம்பஸ் என்பனவெல்லாம் அவர் கையில் ஒருபொருட் பன்மொழியாகிவிடுகின்றன. ஆங்கில அகராதிகள் சிலவும் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்து இம்மயக்கத்தை வளர்க்கின்றன.

இதனைச் சொல் பற்றிய சிறு வழு எனக் கருதிப் புறந்தள்ளுதல் ஆகாது. குற்றங் கூறும் சொல் திறனாய்வாளனது தீர்ப்புச் சொல். களவு செய்தானையும் கடன் தீர்க்க மாட்டாதானையும் ஒரே பெயரால் அழைக்கும் மன்றத்தில் இருவருக்கும் நீதி கிடைத்தல் அரிது. மேலே கூறிய சொற்கள் ஒருபொருளன அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு குற்றத்தைச் சுட்டுவது. அக்குற்றங்கள் யாவும் சொல் பெரிதாயிருத்தலால் வருவன அல்ல. சொல்லுக்கும் அதனைச் சார்ந்த பிறிதொன்றுக்கும் பொருத்தம் இன்மையால் வருவன. இதுவே இக்கட்டுரையின் துணிபு. இதனை அச்சொற்களின் வரலாறு கொண்டும் வழக்குக் கொண்டும் ஆராய்வாம்.

பஞ்சும் துணியும்

'பாம்பாஸ்ட்' என்பதனை முதற்கண் கொள்வோம். இது நடையைப் பற்றித் தோன்றிய சொல்லன்று. உடை தைப்போர் தொழிலில் வழங்கிய சொல். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆடவர் அணிந்த இறுகிய மேற்சட்டையில், மார்பும் தோளும் பருத்துத் தோன்றுமாறு உள்ளே பஞ்சு முதலியவற்றைத் திணித்துத் தைப்பர். அத்திணிபொருளுக்கு இது பெயராயிற்று. இடைக்கால இலத்தீனில் பஞ்சினைக் குறித்த சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புகுந்தது. அதற்கும் மூலமான கிரேக்கச் சொல் பட்டுப்புழுவைக் குறிப்பது. அந்நூற்றாண்டின் கடைப்பகுதியில் இச்சொல் சட்டையினின்று நடைக்கு ஏறிற்று. 1592இல் ராபர்ட் கிரீன் பெயரால் வெளிவந்த சிறுநூல் ஒன்று, இளம் நாடகாசிரியர் ஒருவரைப் பழிக்குமிடத்து, அவர் செய்யுளைப் பஞ்சடைத்துப் பருக்கச் செய்கின்றார் என்னும் கருத்துப்பட இச்சொல்லை வினையாக ஆள்கின்றது. பழிக்கப்பட்டவர் ஷேக்ஸ்பியர் என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை.

இச்சொல்லின் பிறப்புப் பற்றிப் பிறிதொரு கதையும் வழங்குகின்றது. பாராசெல்சஸ் என்னும் 16ஆம் நூற்றாண்டு மருத்துவ அறிஞரின் இயற்பெயரில் 'பாம்பாஸ்டஸ்' என ஒரு பகுதி இருந்தது. அவருடைய செருக்குரையினின்றே இச்சொல் பிறந்தது என்பர். இது ஒலியொப்புமை ஒன்றே பற்றி எழுந்த கற்பனை. பஞ்சு என்னும் மூலமே சான்றுடையது. பொருளை விளக்குவதும் அதுவே. உள்ளே உடல் சிறிது. வெளியே தோற்றம் பெரிது. இரண்டற்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பியிருப்பது பஞ்சு. ஆகவே ஒரு பகுதியைப் 'பாம்பாஸ்ட்' எனத் தீர்ப்பளிப்பவர், திணிபொருளை நீக்கினால் எஞ்சும் கருத்து எத்துணைச் சிறியது என்பதைக் காட்டும் கடப்பாடுடையவர் ஆகின்றார்.

'ஃபஸ்டியன்' என்பதும் துணி பற்றிய சொல்லே. ஆளி நாரிழை பாவாகவும் பருத்தியிழை ஊடையாகவும் நெய்த தடித்த துணிக்கு அப்பெயர். பட்டன்று, பட்டின் இடத்தில் நிற்க முயல்வது. இதுவும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடைக்குப் பெயராயிற்று. ஜான்சன் தம் அகராதியில் (1755) இதற்கு விளக்கம் தருங்கால், ஒன்றோடொன்று ஒவ்வாத கூறுகளைச் சேர்த்தலையும் சொல்லும் கருத்தும் இயைபின்றி நிற்றலையும் இதன் இயல்பாகக் குறித்தார். பாம்பாஸ்ட்டில் குற்றம் அளவு பற்றியது. ஃபஸ்டியனில் குற்றம் இயைபு பற்றியது.

இவ்வேறுபாட்டை நாடகத்தில் வைத்துக் காண்டல் எளிது. மார்லோவின் 'டாம்பர்லேன்' இரு பகுதிகளாக 1590இல் அச்சேறியது. அதன் தலைவன் இடையனாகத் தோன்றி உலகையே அடிப்படுத்த முனைந்தவன். இரண்டாம் பகுதியில், தான் வென்ற அரசரைத் தேரிற் பூட்டி, அவர் வாயிற் கடிவாளமிட்டு, சோர்ந்த குதிரைகளை அதட்டுமாறு போல அவரை அதட்டுகின்றான். அவன் சொல் பெரிது. ஆயின் அச்சொல்லுக்குரிய தேரும் கடிவாளமும் அரசரும் அரங்கில் நம் கண்முன் நிற்கின்றனர். அவன் அவா அவன் சொல்லினும் பெரிது. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பகுதியிலோ, பிஸ்டல் என்னும் வீம்பன் இலண்டன் மதுக்கடை ஒன்றில் நின்றுகொண்டு அதே அதட்டலைச் சிதைத்துக் கூவுகின்றான். அங்குத் தேர் இல்லை. பூட்டப்பட்ட அரசர் இல்லை. நாடகக் கொட்டகைகளிற் கேட்டுப் பொறுக்கிய தொடர்த்துண்டுகளே உள்ளன. அவன் தொல்லை பொறாத டால் என்பாள் அவனைப் படிக்கட்டின்கீழ்த் தள்ளுமாறு கூறுகின்றாள். அப்போது அவள் அவனுக்கு அடையாகத் தரும் சொல் 'ஃபஸ்டியன்' என்பதேயாம். ஏறத்தாழ ஒரே சொற்றொடர் ஒருவன் வாயில் பெருமிதமாகவும் மற்றொருவன் வாயில் முரட்டுத் துணியாகவும் ஆகின்றது. குற்றம் சொல்லினிடத்தே உளதாயின் இவ்வேறுபாடு தோன்றுதற்கு இடமில்லை.

துணி பற்றிய மூன்றாவது வழக்கு, 'ஊதாத் துண்டு' எனப் பொருள்படும் 'பர்ப்பிள் பாட்ச்' என்பது. உரோமப் புலவர் ஹோரேஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் செய்யுட்கலை பற்றி எழுதிய திருமுகத்தில் இவ்வுருவகத்தை அமைத்தார். வீறார்ந்த தொடக்கமுடைய பாட்டில், தொலைவினின்றே பளிச்சிடுமாறு ஒட்டப்படும் ஊதாநிறத் துணியை அவர் கூறுகின்றார். டயானாவின் சோலையும் ரைன் ஆறும் வானவில்லும் அத்தகைய ஒட்டுகளுக்கு அவர் தரும் சான்றுகள். ஊதாச் சாயம் உரோமரிடையே விலைமிக்கது, உயர்ந்தோர் உடைக்குரியது. எனவே ஒட்டப்பட்ட துண்டு மட்டமானதன்று, தன்னளவில் அழகியதே. அதற்குரிய இடம் அதுவன்று என்பதே ஹோரேஸின் தடை. இக்கால ஆங்கிலத்தில் நூல் முழுமையும் அணிமிகுந்து விளங்குவதனைப் 'பர்ப்பிள்' உரைநடை என்பது பெருகிவிட்டது. அவ்வழக்கில் 'துண்டு' என்னும் கருத்து மறைந்தமையால், இடம் பற்றிய தடை நிறம் பற்றிய தடையாக மாறிற்று. மூல வழக்கை உணர்ந்தார், நூலின் எப்பகுதி எப்பகுதியோடு பொருந்தவில்லை என்பதை எடுத்துக்காட்டியன்றி இச்சொல்லை வழங்கார்.

வீக்கம்

இனி 'டர்ஜிட்', 'டியூமிட்' என்னும் இரண்டையும் நோக்குவாம். இவை இலத்தீனில் வீங்குதலைக் குறிக்கும் இரு வினைகளினின்று பிறந்தவை. உடல் வீக்கத்தைக் குறித்து மருத்துவ நூல்களிலும் வழங்குவன. உருவகம் மிகப் பழையது. லாஞ்சைனஸ் பெயரால் வழங்கும், உயர்நடை பற்றிய கிரேக்க நூல், நடையின் வீக்கத்தை உடலின் வீக்கத்தோடு ஒப்பிட்டு, நீர்க்கோவை நோயுற்றான் உடலினும் வறண்டது பிறிதில்லை என்னும் முரணை நினைவூட்டுகின்றது. உயர்நடையை நாடுவார்க்கு இவ்வீக்கமே தவிர்த்தற்கு மிக அரிய குற்றம் என்பதும் அந்நூலாரின் கருத்து.

பஞ்சு உடலுக்குப் புறம்பானது. வீக்கம் உடலிலேயே உள்ளது. இவ்விரு உருவகங்களின் வேறுபாடு திறனாய்வில் பெரும்பயன் தருவது. பஞ்சடைத்த நடையைச் செப்பஞ்செய்யத் தையலைப் பிரித்துத் திணிபொருளை எடுத்தெறிந்தாற் போதும். அடைகளையும் உவமைகளையும் குறைத்தால் எஞ்சுவது நிற்கும். வீங்கிய நடையை அவ்வாறு அறுத்துத் திருத்தல் இயலாது. அங்குக் கருத்தே தெளியாது ஊறிக் கிடக்கின்றது; ஆசிரியர் மீண்டும் எண்ணியே எழுதல் வேண்டும். மேலும், பாம்பாஸ்ட் உரத்து முழங்குவது. டர்ஜிட் என்பது முழங்காமலே கனப்பது. தத்துவ நூலொன்றின் நெருங்கிய, நகராத பத்திகளை டர்ஜிட் என ஆங்கிலேயர் கூறுவர்; அவற்றைப் பாம்பாஸ்ட் எனக் கூறார். மேடைப் பேச்சாளன் வீரமுழக்கம் பாம்பாஸ்ட் ஆகலாம். கேட்போர்க்கு விளங்கி விரைந்து செல்லும் வரை அது டர்ஜிட் ஆகாது. இரண்டனையும் 'ஆரவாரம்' எனப் பெயர்க்குங்கால், ஓசையே இல்லாத குற்றத்திற்கு ஓசையின் பெயரை இட்டவராகின்றோம்.

லாஞ்சைனஸ் நூலைத் தலைகீழாக்கிப் போப் 1728இல் வெளியிட்ட அங்கதநூல் 'பேதாஸ்' என்னும் சொல்லைத் திறனாய்வுக்குத் தந்தது. உயரத்தை ஆராய்ந்த நூலுக்கு எதிராக ஆழத்தை ஆராய்வது போல நடிப்பது அந்நூல். பேதாஸ் என்பது உயர்ந்த நடையினின்று திடுமென இழிந்த பொருளில் வீழ்தல். இது ஆரவார நடைக்குப் பெயரன்று. அந்நடைக்கு நேரும் விபத்தின் பெயர். உயரத் தூக்கிய சொல்லைத் தாங்கப் பொருள் இல்லாதபோது அவ்விபத்து நேர்கின்றது.

உயர்வும் ஊர்வலமும்

மூன்றாவது தொகுதிச் சொற்கள் பிறக்கும்போது பழிச்சொற்கள் அல்ல. 'கிராண்டிலொக்வென்ட்' என்பதற்கு இலத்தீனில் 'பெருமொழி பேசுவது' என்பது பொருள். சிசரோ கி.மு. 46இல் எழுதிய 'சொல்லாளன்' என்னும் நூலில், எளியது, இடைப்பட்டது, பெருமிதமானது என்னும் மூவகை நடைகளுள் மூன்றாவதனில் வல்லாரை இச்சொல்லாற் குறித்தார். அது குற்றமன்று, ஒரு நெறியின் பெயர். 'மாக்னிலொக்வென்ட்' என்பதும் அவ்வாறே பெருமை, பேச்சு என்னும் இரு வேர்களின் கூட்டு. 'ஓரோடண்ட்' என்பது, திரண்ட வாயினராய்ப் பேசும் வரம் பெற்றவர் எனக் கிரேக்கரை ஹோரேஸ் புகழ்ந்த தொடரினின்று அமைந்தது. குரலின் நிறைவைப் பாராட்டவே முதலில் வழங்கிற்று. 'பாம்பஸ்' என்பதன் மூலமான கிரேக்கச் சொல், விழாவில் முறையாகச் செல்லும் ஊர்வலத்தைக் குறித்தது. ஆங்கிலத்திலும் தொடக்கத்தில் மாட்சி என்னும் நற்பொருளே அதற்கு இருந்தது.

தமிழெழுத்தில் எழுதுங்கால் 'பாம்பஸ்', 'பாம்பாஸ்ட்' என்னும் இரண்டும் ஓரினச் சொற்கள் போலத் தோன்றும். ஆங்கிலத்தில் அவற்றின் முதலெழுத்தே வேறு, வேரும் வேறு. ஒன்று ஊர்வலம், மற்றொன்று பஞ்சு. மாணவர் இவற்றைத் தொடர்புபடுத்தல் தவறாம். பொருளிலும் பெரும் வேற்றுமை உண்டு. பாம்பாஸ்ட் என்பது உரைக்கே உரியது. ஒருவரைப் பாம்பாஸ்ட் என்னும் வழக்கு இல்லை. பாம்பஸ் என்பதோ முதன்மையாக ஆளுக்குரியது. அவர் நடக்கும் முறைக்கும் அமரும் முறைக்கும் பேசும் முறைக்கும் பொதுவானது. தம்மைத் தாமே ஓர் ஊர்வலமாகக் கருதிக்கொள்வாரை அது சுட்டும். சின்னஞ்சிறு சொற்களால் இயன்ற கடிதமும் பாம்பஸ் ஆதல் கூடும். பெருஞ்சொற்கள் நிறைந்த கட்டுரையும் அது ஆகாதிருத்தல் கூடும்.

இத்தொகுதியைச் சார்ந்தே 'செஸ்குயிபிடேலியன்' என்னும் சொல்லையும் கருதுதல் வேண்டும். ஒன்றரை அடி நீளமுடையது என்பது அதன் பொருள். இதுவும் ஹோரேஸ் வழங்கியது. இக்காலத்தில் நீண்ட சொற்களை எள்ளுதற்கு இதனைப் பயன்படுத்துவோர், ஹோரேஸ் நீண்ட சொற்களையே வெறுத்தார் எனக் கருதிவிடுகின்றனர். அவர் கூறியது வேறு. டெலிஃபஸ், பீலியஸ் ஆகிய துன்பியல் நாடகத் தலைவர் வறுமையும் நாடுகடத்தலும் உற்ற நிலையில், பார்ப்போர் நெஞ்சைத் தொட விரும்பினால், ஒன்றரை அடிச் சொற்களை விலக்குவர் என்பதே அவர் கருத்து. அரசு வீற்றிருந்தபோது பொருந்திய சொல் இரந்து நிற்கும்போது பொருந்தாது. ஈண்டும் அளவுகோல் சொல்லின் நீளமன்று, சொல்வோன் நிலை.

ஆளும் ஊரும் பறவையும்

சில சொற்கள் கதைமாந்தரினின்றும் இடங்களினின்றும் பிறந்தவை. ஜான் லிலி 1578இல் வெளியிட்ட 'யூஃபியூஸ்' என்னும் உரைநடைப் புனைவும் 1580இல் வந்த அதன் தொடர்ச்சியும் தோற்றுவித்த நடை 'யூஃபியூயிசம்' எனப்பட்டது. நிறுத்தாற்போல் ஒத்த முரண்தொடர்கள், மோனை, கல்லையும் புல்லையும் விலங்கையும் பற்றிய அரிய கதைகளினின்று எடுத்த உவமைகள் ஆகியன அதன் இலக்கணம். ஆரவார நடைகள் எல்லாவற்றிற்கும் இதனைப் பெயராக்குதல் பிழை. இது கட்டமைப்பு வரையறுக்கப்பட்ட ஒரு தனி நடை. இடக்கரடக்கலைக் குறிக்கும் 'யூஃபமிசம்' என்னும் சொல்லோடு இதனை மயங்குவாரும் உளர். 'நன்மை' என்னும் கிரேக்க முன்னொட்டு ஒன்றே இரண்டற்கும் பொது.

'ராடமாண்டேட்' என்பது இத்தாலியப் புலவர் அரியோஸ்டோவின் 'ஓர்லாண்டோ ஃபியூரியோசோ' (1516) காப்பியத்தில் வரும் ரோடமோன்டே என்னும் வீரனால் வந்த பெயர். இது வீம்புரை, நடைக்குற்றமன்று. எளிய நடையிலும் வீம்பு பேசலாம்.

'கிளாப்ட்ராப்' என்பது 18ஆம் நூற்றாண்டு நாடக அரங்கிற் பிறந்தது. கைதட்டலைப் பிடிக்க வைக்கும் பொறி என்பது அதன் நேர்ப்பொருள். 'பங்க்கம்' என்பது அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள பங்க்கம் என்னும் மாவட்டத்தின் பெயர். 1820இல் மிசூரி பற்றிய வழக்காடலின்போது அப்பகுதியின் உறுப்பினர் ஃபீலிக்ஸ் வாக்கர் பயனற்ற நீண்ட பேச்சொன்றைத் தொடங்கினார். பிறர் தடுத்தபோது, தாம் பங்க்கத்தாருக்காகப் பேசுவதாகக் கூறினார் என்பர். எதிரே இருப்பவரை நோக்காது ஊரிலிருப்பவர்க்குக் காட்ட எழும் பேச்சு அன்றுமுதல் அவ்வூரின் பெயர் பெற்றது. இவ்விரு சொற்களும் உரையின் உருவத்தை நோக்குவன அல்ல. அது யாரைக் கருதி எழுந்தது என்பதையே நோக்குவன.

இத்தொகுதியில் இளையது 'காபில்டிகூக்'. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசின் சிறு போர்த்தொழிற்சாலைக் கழகத்திற்குத் தலைமை தாங்கிய மாரி மாவெரிக், தம் அலுவலகத்தாரின் குறிப்புகளில் மண்டிய மொழியை வெறுத்து, 1944இல் இச்சொல்லைப் படைத்தார். வான்கோழி தலைநிமிர்ந்து செருக்கோடு எழுப்பும் பொருளற்ற ஒலியே அதற்குத் தோற்றுவாய் என அவரே விளக்கினார். பஞ்சடைத்த நடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. முன்னது தன்னைக் காட்ட விழைவது. பின்னது தன்னை மறைக்க விழைவது. முன்னதனில் பேசுவோர் யாவர் என்பது ஐயமின்றித் தெரியும். பின்னதனில் செய்தவரும் இல்லை, செய்யப்பட்டவரும் இல்லை. செயலின் பெயர் மட்டும் எஞ்சும்.

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி எழுதிய கட்டுரையின் வலிமை இவ்விடத்தே புலனாகும். காப்பற்ற ஊர்கள் வானினின்று குண்டெறியப்பட்டு, மக்கள் துரத்தப்பட்டு, குடிசைகள் எரிக்கப்படுவதற்கு 'அமைதிப்படுத்தல்' எனப் பெயரிடப்படுவதை அவர் சுட்டினார். வீங்கிய நடையே ஒருவகை இடக்கரடக்கல் என்பதும் அவர் கண்ட முடிபு. யூஃபியூயிசத்தையும் யூஃபமிசத்தையும் மேலே வேறுபடுத்தினோம். ஆர்வெல் காட்டுவது, அழகுக்கென எழுந்த மிகைமொழி கொடுமையை மூடும் துணியாகவும் பயன்படும் என்பது. 1948இல் எர்னெஸ்ட் கவர்ஸ் அலுவலர்க்கென எழுதிய 'எளிய சொற்கள்' என்னும் நூலும், 2010இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட எளிய எழுத்துச் சட்டமும் இக்கவலையின் வழிவந்தவை. மதுக்கடையில் கூவிய பிஸ்டலைக் கீழே தள்ளினாற் போதும். பெயரில்லாது எழுதப்பட்ட ஆணையை அவ்வாறு தள்ளிவிட முடியாது. இரண்டனையும் ஒரே சொல்லால் வைதால், நகைக்கத்தக்கதையும் அஞ்சத்தக்கதையும் ஒரே தட்டில் வைத்தவராவோம்.

குற்றச்சாட்டின் எல்லை

இச்சொற்களை வழங்குவோர் தாமும் தவறுதல் உண்டு என்பதற்கு 16ஆம் நூற்றாண்டின் 'மைக்கொம்புச் சொல்' வழக்கே சான்று. எழுதுவோர் மை வைத்திருந்த கொம்பின் பெயரால், இலத்தீனினின்று மிகுதியாகக் கொணரப்பட்ட சொற்கள் அவ்வாறு இகழப்பட்டன. தாமஸ் வில்சன் 1553இல் வெளியிட்ட சொற்கலை நூலில், அத்தகைய சொற்களை நெருக்கிக் கடிதம் ஒன்றனை அமைத்து நகைப்புக்கு இலக்காக்கினார். அக்கடிதத்திலுள்ள 'செலிப்ரேட்', 'எக்ஸ்டால்', 'டெக்ஸ்டெரிட்டி' முதலியன இன்று ஆங்கிலத்தில் எவரையும் உறுத்தாமல் வழங்குகின்றன.

பென் ஜான்சன் 1601இல் அரங்கேற்றிய 'பொயட்டாஸ்டர்' நாடகம் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. தம்மோடு மாறுபட்ட மார்ஸ்டன் என்னும் நாடகாசிரியரைக் கிரிஸ்பினஸ் என்னும் மாந்தராக்கி, அவருக்கு மருந்து கொடுத்து, அவர் விழுங்கியிருந்த அருஞ்சொற்களை அரங்கிலேயே ஒவ்வொன்றாகக் கக்க வைக்கின்றார். கக்கிய சொற்களுள் பல இறந்தொழிந்தன. ஆயின் 'ஸ்ட்ரென்யுவஸ்', 'டிஃபங்க்ட்', 'ஸ்பூரியஸ்', 'கிளம்சி' என்பன வாழ்கின்றன. யாம் பெரிதும் கருதுவது ஒன்று உண்டு. அப்பட்டியலில் 'இன்ஃப்ளேட்' என்பதும், டர்ஜிட் என்பதன் உடன்பிறப்பாகிய 'டர்ஜிடஸ்' என்பதும் இடம்பெறுகின்றன. பின்னாளில் வீங்கிய நடையை இகழ்தற்கு வழங்கிய சொற்களே அன்று வீங்கிய சொற்களாக வெளித்தள்ளப்பட்டன. ஒரு சொல் புதிது, நெடிது, அரிது என்பது பற்றியே அதனை ஆரவாரம் எனக் கடிதல் எத்துணை நிலையற்ற தீர்ப்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதின்று.

அதேபொழுது எல்லாம் காலத்தால் நேர்படும் எனக் குற்றத்தை மன்னித்தலும் பொருந்தாது. அகராதி தந்த ஜான்சன், 'ஒத்திகை' என்னும் நாடகத்தைப் பற்றி உரையாடலில் முதலில் சிறிய சொற்களால் ஒரு கருத்தைக் கூறிப் பின்னர் நின்று, அதனையே இலத்தீன்வழிச் சொற்களால் திருத்திக் கூறியதைப் பாஸ்வெல் பதிந்துள்ளார். மெக்காலே 1831இல் அதனை எடுத்துக்காட்டி, ஜான்சன் முதலில் எண்ணிய மொழி வேறு, பின்னர் எழுதிய மொழி வேறு என வாதிட்டார். ஜான்சனின் பெருஞ்சொற்கள் இன்றும் வழங்கும் சொற்களே. ஆயினும் முதற்கூற்றினும் இரண்டாவது கூடுதலாக எதனையும் தரவில்லை. திணிக்கப்பட்டதைக் காண முடிகின்ற இடம் அது. ஈண்டுப் பாம்பாஸ்ட் என்னும் தீர்ப்பு சான்றோடு நிற்கின்றது.

முடிபு

இவற்றை ஒருங்கு நோக்கின், ஆங்கிலத் திறனாய்வுச் சொற்கள் நான்கு வினாக்களாகப் பிரிந்து நிற்றல் காணலாம். சொல்லின் அடியில் பொருள் எவ்வளவு உண்டு என வினவுவன பாம்பாஸ்ட், டர்ஜிட் என்பன. சொல் தன் இடத்தோடும் சுற்றத்தோடும் இயைகின்றதா என வினவுவன ஃபஸ்டியன், ஊதாத் துண்டு, பேதாஸ் என்பன. சொல்வோர் தம்மை எவ்வாறு மதிக்கின்றார் என வினவுவன பாம்பஸ், ராடமாண்டேட் என்பன. யாரைக் கருதி, எதனைக் காட்ட அல்லது மறைக்கச் சொல் எழுந்தது என வினவுவன கிளாப்ட்ராப், பங்க்கம், காபில்டிகூக் என்பன. கிராண்டிலொக்வென்ட் என்பது நெறியின் பெயராகப் பிறந்தமையால், அதனைப் பழியாக ஆள்வோர் இவ்வினாக்களுள் ஒன்றனைச் சேர்த்தே ஆளவேண்டும்.

தமிழில் நாம் வழங்கும் 'ஆரவாரம்' ஒலி பற்றியது. 'ஆடம்பரம்' என்னும் வடசொல்லும் ஒருவகைப் பறையையும் அதன் முழக்கத்தையும் குறித்துப் பின்னரே பகட்டைக் குறித்தது. எனவே முழங்கும் குற்றத்திற்கு நம்மிடம் சொல் உண்டு. திணித்தல், வீங்குதல், ஒட்டுதல், மறைத்தல் என்னும் குற்றங்களுக்கும் அவ்வவற்றின் பெயரையே இட்டு, பொதிநடை, வீங்குநடை, ஒட்டணி, மறைமொழிநடை என வேறுபடுத்தி வழங்குதல் தகும். இது நம் மரபுக்குப் புதிதன்று. நன்னூலார் நூற்குற்றங்களைப் பத்தாகப் பகுத்தபோது, மிகைபடக் கூறலையும் வெற்றெனத் தொடுத்தலையும் ஒன்றாக்காது வேறு வேறாகவே வைத்தார். மிகுதி வேறு, வெறுமை வேறு என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

அந்நூலின் பொதுப்பாயிரம் 'நூல்' என்னும் பெயர்க்காரணம் கூறுங்கால், சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் புலவனை நூற்கும் மகளாகவும் உருவகிக்கின்றது. ஆங்கிலேயர் வீண்மொழிக்கு உவமையாகக் கொண்டதும் அதே பஞ்சுதான். சட்டைக்குள் திணித்த பஞ்சு நூற்கப்படாதது. நூலாசிரியன் கையிற் பஞ்சு எத்துணை மிகுதியாயினும் குற்றமில்லை. அது இழையாயிற்றா என்பதே திறனாய்வாளன் நோக்கற்பாலது. அவ்வாறு நோக்கிய பின்னரே அவன் பழிச்சொல் வழங்குதற்கு உரியவன்.